எழுத்து இரட்டையாகத் தெரிந்தால் அபூர்வ நாணயமா?

நாணயத்தில் எழுத்தோ வருடமோ இரண்டு இரண்டாகத் தெரிந்தால் அது அபூர்வ அச்சுப்பிழை, பெரிய விலைக்குப் போகும் என்று ஒரு செய்தி சுற்றிக்கொண்டிருக்கிறது. அது அப்படியே உண்மையில்லை. பெரும்பாலான இரட்டைத் தோற்றம், நாணயம் அடிக்கும் நேரத்தில் அச்சு (உருவத்தைப் பதிக்கும் உலோக முத்திரை) லேசாக ஆடி, ஏற்கெனவே பதிந்த எழுத்தின் ஓரத்தை நசுக்குவதால் வருவது. இது ரொம்ப சாதாரணம், கூடுதல் மதிப்பு அநேகமாகக் கிடையாது.

உண்மையான பிழை அச்சிலேயே இருக்கும். அச்சைச் செய்யும்போதே உருவம் சற்று விலகி இருமுறை பதிந்துவிடும், அப்புறம் அந்த அச்சில் அடித்த எல்லா நாணயத்திலும் அதே இரட்டிப்பு வரும். அமெரிக்காவின் 1955 ஒரு சென்ட் நாணயங்களில் சில இதற்குப் பிரபலமான உதாரணம், அவற்றில் இரட்டிப்பு வெறும் கண்ணுக்கே தெரியும்.

சரி, எப்படிப் பிரித்துப் பார்ப்பது? லென்ஸ் வைத்து, வெளிச்சத்தைச் சாய்வாக விட்டுப் பாருங்கள். இரண்டாவது கோடு தட்டையாக, படிக்கட்டு மாதிரி தாழ்ந்து, எழுத்தே மெலிந்து தெரிந்தால் அது அச்சு ஆடியது. இரண்டு கோடும் உருண்டு மேலெழுந்து, எழுத்து தடித்து, முனைகளில் பிளவு தெரிந்தால்தான் விவரம் தெரிந்தவரிடம் காட்ட வேண்டிய நாணயம். தயவுசெய்து அதுவரை தேய்த்துக் கழுவாதீர்கள், உண்மையான பிழை நாணயம்கூட அதில் மதிப்பிழந்துவிடும்.