டிஷ்ஷை மூடினால் மழையில் படம் நிற்காதா?

"மழையில் டிடிஎச் படம் நிற்பது டிஷ் நனைவதால்தான், பாலித்தீன் பையால் மூடினால் போதும்" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. இது தவறு.

முக்கியத் தடை டிஷ்ஷில் இல்லை, வானத்தில் இருக்கிறது. சுமார் 36,000 கிலோமீட்டர் தொலைவிலுள்ள செயற்கைக்கோளிலிருந்து வரும் நுண்ணலை, கடைசிச் சில கிலோமீட்டரில் மழைக்குள் புகுந்துதான் நம் மாடியை அடைகிறது. டிடிஎச் பயன்படுத்தும் இந்தக் கேயு (Ku) அலைவரிசையின் அலைநீளம் ஏறத்தாழ 2.5 சென்டிமீட்டர்தான். சில மில்லிமீட்டர் பருமனுள்ள துளிகளே அதை உறிஞ்சிச் சிதறடித்துவிடுகின்றன. கேபிள்காரர்களின் பெரிய டிஷ்கள் வாங்கும் சி (C) அலைவரிசைக்கு அலைநீளம் 7 சென்டிமீட்டருக்கும் மேல். மழை அதை அவ்வளவாகப் பாதிப்பதில்லை.

பையின் சுருக்கங்களில் தேங்கும் நீரும் அலையை மேலும் மங்கச் செய்யும். இதற்காக இடி மின்னலில், வழுக்கும் மொட்டை மாடியில் ஏறாதீர்கள், தயவுசெய்து! மழை தணிந்ததும் படம் தானாகத் திரும்பும்.