பழைய காருக்கு ஆள் இருக்கிறது, பழைய பஸ்ஸுக்கும் லாரிக்கும் யார்?

சென்னையிலோ கோவையிலோ பழைய கார்களின் அணிவகுப்பு என்றால் முடிந்தவரை போய்ப் பார்த்துவிடுவேன். மோரிஸ் மைனர், பழைய பியட், ஸ்டாண்டர்ட் ஹெரால்ட், முதல் மாடல் அம்பாசிடர் எல்லாம் வரிசையாக வந்து நிற்கும். சொந்தக் காசைப் போட்டு, ஒரு ஹெட்லைட் வளையத்துக்காக ஊர் ஊராக அலைந்து அவற்றைக் காப்பாற்றி வைத்திருப்பவர்கள் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. ஆனாலும் ஆதங்கத்தோடுதான் வீடு திரும்புகிறேன். அந்த வரிசையில் பஸ்ஸோ லாரியோ நின்று நான் பார்த்ததில்லை.

நம் தாத்தா பாட்டிகளில் எத்தனை பேர் காரில் போனார்கள்? பெண் பார்க்க, கோர்ட்டுக்கு, பெரியாஸ்பத்திரிக்கு, பிழைப்புக்கு என எல்லாவற்றுக்கும் பஸ்ஸில்தான் போனார்கள். ஈரோட்டு மஞ்சளும் நாமக்கல் முட்டையும் சிவகாசிப் பெட்டிகளும் லாரியில்தான் போயின. இந்த மாநிலத்தைத் தூக்கிச் சுமந்தது அந்த வண்டிகள்தான். அவற்றில் ஒன்றைக்கூட ஓடும் நிலையில் வைத்து அடுத்த தலைமுறைக்குக் காட்ட முடியாத நிலைக்கு வேகமாகப் போய்க்கொண்டிருக்கிறோம்.

இத்தனைக்கும் மோட்டார் தொழில் நம் ஊர்களில் வேரூன்றியதே பஸ்ஸில்தான். டி.வி. சுந்தரம் ஐயங்கார் 1912இல் தஞ்சாவூருக்கும் புதுக்கோட்டைக்கும் இடையே பஸ் விட்டார். ஜி.டி. நாயுடு 1920இல் ஒரே ஒரு பஸ்ஸை வைத்துப் பொள்ளாச்சி-பழனி தடத்தில் தொடங்கினார். இரண்டாம் உலகப் போரில் பெட்ரோல் கிடைக்காமல் போனபோது, பஸ்ஸின் பின்னால் கரி அடுப்பைக் கட்டி அந்த வாயுவில் எஞ்சினை ஓட்டினார்கள். அப்புறம் எண்ணூர். 1948இல் அசோக் மோட்டார்ஸ் என்று ஆரம்பித்து ஆஸ்டின் கார் பூட்டிக்கொண்டிருந்த கம்பெனி, 1951இல் இங்கிலாந்து லேலண்டின் காமெட் லாரியைப் பூட்டத் தொடங்கியது. 1955இல் பெயரே அசோக் லேலண்ட் ஆகிவிட்டது. கார் பூட்ட வந்த கம்பெனியை லாரியின் பக்கம் திருப்பியது அன்றைய நாட்டின் தேவை. அண்ணா சாலை சிம்ப்சன் கம்பெனி பெர்கின்ஸ் பி6 டீசல் எஞ்சினைச் செய்தது. பார்கோ, டாட்ஜ் என்று முன்னால் மூக்கு நீண்ட லாரிகளில் அந்த எஞ்சின் ஓடியது.

அந்த வண்டிகளைப் பிரித்துப் பூட்டியவர்கள் நாமக்கல்லிலும் சங்ககிரியிலும் கரூரிலும் இன்னும் இருக்கிறார்கள். பெரும்பாலோருக்கு எழுபது தாண்டிவிட்டது. என் அவசரமே அதுதான். இரும்பு இன்னும் கொஞ்ச நாள் தாங்கும், ஆள் தாங்கமாட்டார்.

சங்ககிரிப் பக்கம் எனக்குத் தெரிந்த மேஸ்திரி ஒருவர், பழைய பி6 எஞ்சின் ஒன்றைத் திறந்து வேலை பார்த்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். மர மில்லில் பல வருடம் சும்மா நின்ற பார்கோ அது. எஞ்சினின் டைமிங் கவருக்கு, ஆயில் கசியாமல் அடைக்கும் கேஸ்கட் வேண்டும். கூட இருந்த பையன், "ஏண்ணே, ரெடிமேடா வாங்கிக்கலாமே?" என்றான். "இந்த வண்டிக்கு எவன்டா வெச்சிருக்கான்?" என்று சொல்லிவிட்டு ஒரு கேஸ்கட் தாளை எடுத்துக் கவரின் மேலேயே விரித்தார். சுத்தியலின் உருண்டைப் பக்கத்தால் விளிம்பை ஒட்டி லொட்டு லொட்டென்று தட்டிக்கொண்டே போனார். இரும்பின் விளிம்பே கத்தியாகித் தாளை வெட்டியது. போல்ட் ஓட்டைகளுக்கு, உடைந்த பேரிங்கிலிருந்து எடுத்த குண்டு ஒன்றை ஓட்டையின் மேல் வைத்து ஒரே அடி. வட்டமாக, பிசிறில்லாமல் விழுந்தது. அளவு எடுக்கவில்லை, கோடு போடவில்லை. கடைசியில் கிரீஸ் தடவி ஒட்டினார். ஒரு சொட்டு ஆயில் கசியவில்லை.

இது ஏதோ அதிசயம் என்று நான் சொல்லவில்லை. ஒரு காலத்தில் எல்லாப் பட்டறையிலும் நடந்த வேலைதான். ஆனால் அந்தப் பையன் அன்றைக்குத்தான் முதன்முதலில் பார்த்தான். அதை ஒரு வீடியோவில் பார்த்திருந்தால் அடி எவ்வளவு பலமாக விழ வேண்டும் என்பது அவனுக்குத் தெரிந்திருக்காது. வேலை இருந்தால்தான் வித்தை கை மாறும். பழைய வண்டியை மீட்டெடுக்க வேண்டும் என்று நான் சொல்வதில் பாதி வண்டிக்காக, மீதி இதற்காக.

யாழ்ப்பாணத்தை நினைத்துப் பாருங்கள். போர்க்காலப் பொருளாதாரத் தடையில் பெட்ரோல் இல்லை, உதிரிபாகம் இல்லை. ஆஸ்டினையும் மோரிஸ் மைனரையும் மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். கொஞ்சம் பெட்ரோலை விட்டுக் கிளப்பி, எஞ்சின் சூடான பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். வேறு வழியில்லாமல் செய்த வேலை. ஆனால் அந்தக் கார்களைப் பல ஆண்டுகள் ஓட வைத்தது பட்டறைக்காரரின் கைதான்.

பஸ், லாரியை மீட்பது காரைவிடக் கஷ்டம் என்று பலர் நினைக்கிறார்கள். இடமும் பணமும் அதிகம் வேண்டும், அது உண்மை. வேலை என்று பார்த்தால் சில விஷயங்கள் சுலபம். பழைய காரின் வளைந்த முன்கண்ணாடி உடைந்தால் தேடித் தேடியே வருடம் ஓடிவிடும். பழைய பஸ்ஸின் முன்கண்ணாடி இரண்டு தட்டையான துண்டுகள், நல்ல கண்ணாடிக் கடையில் அளவு கொடுத்தால் லேமினேட்டட் கண்ணாடியிலேயே வெட்டிக் கொடுப்பார்கள். அடியில் உள்ள ஸ்பிரிங் பட்டை உடைந்தால் ஸ்பிரிங் பட்டறையில் அடித்துத் தருகிறார்கள். லேலண்ட் எஞ்சினின் பெயரோடு வரும் 370, 400, 680 எல்லாம் கன அங்குலத்தில் அதன் கொள்ளளவு. 680 என்றால் ஏறத்தாழ 11 லிட்டர். அந்தக் குடும்பத்து எஞ்சின்கள் பஸ்ஸோடு நிற்கவில்லை. ஜெனரேட்டரில் ஓடின, மீன்பிடி விசைப்படகுகளில் ஓடின. ஆகவே ஒரு பிளாக்கோ ஹெட்டோ வேண்டுமென்றால் சென்னையில் பழைய உதிரிபாகம் விற்கும் புதுப்பேட்டையோடு தேடலை நிறுத்தாமல் நாகப்பட்டினம், ராமேசுவரம் துறைமுகப் பட்டறைகளிலும் விசாரியுங்கள்.

உண்மையில் கஷ்டம் பாடியில்தான். இன்றைக்குக் கரூரில் கட்டுகிற பஸ் பாடி முழுக்க இரும்புக் குழாய். அந்தக் காலத்து பாடி மரச் சட்டம், மேலே அலுமினியத் தகடு. ஜன்னலுக்குக் கீழே இருக்கும் தகட்டைக் கழற்றிப் பார்த்தால் தெரியும், சக்கரத்துக்கு மேலே இருக்கிற அடிக்கட்டை உளுத்துப் போயிருக்கும். டயர் அள்ளி வீசும் சேறும் தண்ணீரும் அங்கேதான் போய்த் தங்கும். அதற்கு மேலே உள்ள தூண்கள் பல நேரம் கல் மாதிரி கெட்டியாக இருக்கும். ஆக முழு பாடியையும் பெயர்த்துப் போட வேண்டியதில்லை. கெட்ட இடத்தை மட்டும் அறுத்து, அதே மரத்தில் புதுத் துண்டைப் பொருத்து வைத்துச் சேர்த்தால் போதும். அப்படிச் செய்யத் தெரிந்த தச்சர் வேண்டும். அவர்கள் மெக்கானிக்குகளைவிடவும் குறைந்துவிட்டார்கள்.

இங்கே இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். மீட்பது என்ற பெயரில் வண்டியைப் புதுசாக்குவதில் எனக்கு உடன்பாடில்லை. பவர் ஸ்டியரிங், ஏசி, எல்இடி விளக்கு எல்லாம் வைத்து, மினுமினுவென்று பெயின்ட் அடித்துவிட்டால் அது வேறு வண்டி. நான் சொன்ன அந்த பார்கோவின் கதவை வாட்டர் பேப்பர் போட்டுத் தேய்த்தபோது மேல் நீலத்துக்குக் கீழே ஒரு பச்சை வந்தது. அதற்கும் கீழே கையால் எழுதிய ஊர்ப் பெயர், மூன்றே இலக்கத்தில் ஒரு போன் நம்பர். முழுதாகத் தேய்த்துவிட்டுப் பட்டி பார்த்து ஸ்பிரே அடிப்பதுதான் வழக்கம். சொந்தக்காரர் அதோடு நிறுத்தச் சொன்னார். அந்தக் கதவு இப்போது அப்படியேதான் இருக்கிறது. சரியான முடிவு என்பேன். பிரேக்கும் ஸ்டியரிங்கும் டயரும் வயரிங்கும் நூற்றுக்கு நூறு சரியாக இருக்க வேண்டும், அதில் சமரசம் கூடாது. மற்றதில் வண்டி உழைத்த தடம் இருக்கட்டும்.

சரி, சட்டம் என்ன சொல்கிறது? 2021 ஜூலையில் மத்திய அரசு பழம்பெரும் வாகனங்களுக்கென்று தனி விதிகளைக் கொண்டுவந்தது. 50 ஆண்டுக்கு மேற்பட்ட, பெரிய மாற்றம் செய்யாத வண்டியாக இருந்தால், விஏ என்ற எழுத்துகளோடு தனி நம்பர் பிளேட் கிடைக்கும். புதிதாகப் பதியக் கட்டணம் 20,000 ரூபாய், 10 ஆண்டு செல்லும். புதுப்பிக்க 5,000. கண்காட்சிக்கும் அணிவகுப்புக்கும் ஓட்டலாம், அன்றாடப் பயன்பாட்டுக்கும் தொழிலுக்கும் கூடாது. நல்ல விதிகள், வரவேற்கிறேன். ஆனால் இரண்டு சக்கர வண்டிக்கும், ஓட்டுநர் தவிர எட்டு இருக்கைக்கு மேல் இல்லாத பயணிகள் காருக்கும்தான் இது பொருந்தும். பஸ்ஸும் லாரியும் அதில் இல்லை.

அந்தப் பக்கம் கதவு இப்படி மூடியிருக்க, இந்தப் பக்கம் அழுத்தம் ஏறிக்கொண்டே வருகிறது. 15 வருடம் தாண்டிய கனரக வண்டிக்கு எஃப்.சி. கட்டணம் 1,500 ரூபாயாக இருந்தது, 2022 ஏப்ரலில் 12,500 ஆனது. 2023 ஏப்ரலிலிருந்து, 15 வருடம் தாண்டிய அரசு வண்டிகளின் பதிவையே புதுப்பிக்கக் கூடாது, போக்குவரத்துக் கழகப் பஸ்களும் அதில் அடக்கம். 1972இல் தொடங்கிய பல்லவன், பாண்டியன், சேரன், சோழன் கழகங்கள் அந்தப் பெயர்களோடு 1997 வரை ஓடின. அந்தக் காலத்து எழுத்தோடு ஒரு பஸ் ஒழுங்காக நின்றால் இன்றைக்கு ஐம்பது வயதைத் தாண்டிய எவருக்கும் கால் அங்கேயே நின்றுவிடும். நான் தேடிய வரைக்கும் எனக்குக் கிடைத்தது புகைப்படங்கள் மட்டும்தான்.

பழைய டீசல் வண்டி புகை கக்குகிறதே, ஒழித்தால் என்ன என்று கேட்பார்கள். தினசரி சர்வீஸிலிருந்து அவற்றை எடுத்தே ஆக வேண்டும் என்பதுதான் என் கருத்தும். பள்ளிக்கூடப் பிள்ளைகளை முப்பது வருடப் பஸ்ஸில் ஏற்றச் சொல்லி யாரும் கேட்கவில்லை. நான் கேட்பது மாடலுக்கு ஒன்றிரண்டு. வருடத்தில் சில நாள் மட்டும் வெளியே வரும் வண்டி எவ்வளவு புகை விட்டுவிடும்?

இங்கிலாந்தில் லண்டனிலிருந்து பிரைட்டனுக்குப் பழைய பஸ், லாரி, வேன்களின் ஓட்டம் 1962இல் தொடங்கியது. லேலண்ட் பிறந்த ஊரிலேயே 1983இல் வணிக வாகனங்களுக்கென்று ஓர் அருங்காட்சியகம் திறந்தார்கள். அந்தக் குடும்பத்தின் இன்னொரு கிளை எண்ணூரில் வளர்ந்து நாட்டின் பெரும்பகுதிக்குப் பஸ்ஸும் லாரியும் கொடுத்தது. கரூர், நாமக்கல், திருச்செங்கோடு மூன்றும் அதன் மேல் ஏறி உட்கார்ந்து ஒரு பொருளாதாரத்தையே கட்டின. இந்த மூன்று ஊர்களில் ஏதாவது ஒன்றில், பாடி கட்டும் பட்டறையும் மரவேலையும் போர்வெல் போடும் ரிக் வண்டியும் எல்லாம் சேர்ந்து ஒரு கூடம் வரக்கூடாதா? பக்கத்து ஐடிஐ மாணவர்கள் அங்கே வந்து பழைய மேஸ்திரிகளோடு வேலை செய்யட்டும், அந்த மேஸ்திரிகளுக்குக் கௌரவமான சம்பளமும் கொடுக்கட்டும். லாரி உரிமையாளர் சங்கங்கள் மனது வைத்தால் அரசுக்காகக் காத்திருக்கக்கூட வேண்டாம். அரசிடம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: 2021 விதிகளில் பஸ்ஸையும் லாரியையும் சேர்க்க வேண்டும்.

அதுவரை, உங்கள் வீட்டுக் கொட்டகையிலோ தோட்டத்திலோ மர மில்லிலோ பழைய காமெட்டோ பி6 லாரியோ பழைய பென்ஸ் லாரியோ நின்றால், எடைக்குப் போடுவதற்கு முன் கொஞ்சம் பொறுங்கள். ஆர்.சி. புத்தகத்தைத் தொலைத்துவிடாதீர்கள், அது போனால் பிறகு பெரும்பாடு. சேஸிஸ் நம்பரையும் எஞ்சின் நம்பரையும் துடைத்துப் போட்டோ எடுத்து வையுங்கள். ரேடியேட்டரிலும் பிளாக்கிலும் நிற்கிற தண்ணீரை வடித்துவிடுங்கள். டீசலைப் பீச்சும் நாஸிலைக் கழற்றி ஒவ்வொரு சிலிண்டரிலும் கொஞ்சம் ஆயில் விட்டு எஞ்சினைக் கையால் மெதுவாகச் சுற்றி வையுங்கள், பிஸ்டன் ரிங் துருவேறி இறுகிக்கொள்ளாமல் இருக்கும். ஆக்சிலுக்கு அடியில் கட்டை கொடுத்து டயரைத் தரையிலிருந்து தூக்கிவிடுங்கள். மேலே ஒரு தகரக் கூரை போதும். தார்ப்பாயை வண்டியோடு ஒட்டிப் போர்த்த வேண்டாம், உள்ளே வேர்த்துத் துரு இன்னும் சீக்கிரம் ஏறும்.