டூல் பாக்ஸ் டிராயருக்கு டபிள்யூடி-40 போதுமா?

"டூல் பாக்ஸ் டிராயரில் டபிள்யூடி-40 அடித்தால் ஆயுசுக்கும் கிரீஸ் வேண்டாம்" என்று ஒரு வாட்ஸ்அப் தகவல் சுற்றுகிறது. தவறு.

1953-ல் ஈரத்தை விரட்டவும் துருவைத் தடுக்கவும் உருவான திரவம் டபிள்யூடி-40. அடித்த அன்றைக்கு டிராயர் வழுக்கிக்கொண்டு வரும், உண்மைதான். ஆனால் பெரும்பங்கு ஆவியாகிவிடும். போகிற போக்கில், டிராயர் உருண்டு ஓட உதவும் பால்ரஸ் குண்டுகளில் இருந்த பழைய கிரீஸையும் கரைத்துவிடும். மிஞ்சுவது மெல்லிய எண்ணெய்ப் படலம். அதில் கிரைண்டர் தூள் ஒட்டினால் கறுப்புப் பசைதான்.

சரி, என்ன செய்வது? டிராயர் இந்தக் குண்டுகள் மேல் ஓடும் பால் பேரிங் ஸ்லைடு என்றால் அழுக்கைத் துடைத்துவிட்டு (அதற்கு டபிள்யூடி-40 தாராளமாக உதவும்), குண்டு ஓடும் தடத்தில் வெள்ளை லித்தியம் கிரீஸை மெல்லிசாகத் தடவுங்கள். குண்டு இல்லாமல் தகரத்தோடு தகரம் உரசும் பெட்டிக்கு மெழுகுவர்த்தியைத் தேய்த்தாலே போதும், தூசி அவ்வளவாக ஒட்டாது. தேங்காய் எண்ணெய் மட்டும் வேண்டாம். மார்கழிக் குளிரில் உறைந்துவிடும்.