"ஏதோ தவறு நடந்துவிட்டது" – என்ன தவறுடா சாமி?

கோத்தகிரியில் மழை பிடித்துக்கொண்டால் கரண்ட் எப்போது போகும், எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. இன்வெர்ட்டர் தயவில் லேப்டாப்பைத் திறந்து, ராத்திரி படுத்துவிட்ட சர்வரின் லாக் ஃபைலை, அதாவது புரோகிராம் தான் செய்ததைக் குறித்துவைக்கும் டைரியை, பார்த்தால் ஒரே வரி: "எரர் அக்கர்டு". அட, அது தெரியாமலா குளிரில் ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்?

எந்த ஆர்டர்? எந்த யூசர்? எந்த மெத்தட்? ம்ஹூம். கோடில் கோளாறைப் பிடிக்க வேண்டிய கேட்ச் பிளாக்கைத் திறந்தால் உள்ளே காலி. எக்செப்ஷனை, அதாவது அந்தக் கோளாறுத் தகவலை, விழுங்கி ஏப்பமே விட்டுவிட்டார்கள். இன்னொரு புண்ணியவான் அதைப் பிடித்து, லாக் எழுதி, மறுபடி மேலே வீசுகிறார். மேலே இருப்பவரும் அதையே செய்கிறார். ஒரே கோளாறுக்கு வரிசையாக ஸ்டாக் ட்ரேஸ் (கோளாறு வந்த வழியைக் காட்டும் பட்டியல்), எல்லாம் ஒரே மாதிரி. நடுவில் "இங்கே வந்தாச்சு" என்று ஒரு வரி வேறு. எங்கேய்யா வந்தாய்?

எந்த வேரியபிள் நல் (மதிப்பே இல்லாத காலி) என்று பளிச்சென்று சொல்லும் வசதி 2020இலேயே ஜாவா மொழியின் 14ஆம் பதிப்பில் வந்துவிட்டது. நம் ப்ராஜெக்ட்? இன்னும் ஜாவா 8. 2021 டிசம்பரில் ஜாவாவில் லாக் எழுத உதவும் லாக்ஃபோர்ஜேயின் பாதுகாப்பு ஓட்டை உலகத்தையே உலுக்கியபோதுதான் பல மேனேஜர்களுக்கு லாக் என்று ஒன்று இருப்பதே தெரிந்தது.

இப்போது புது ஃபேஷன் அப்சர்வபிலிட்டி, அதாவது சிஸ்டத்துக்குள் என்ன நடக்கிறது என்று வெளியிலிருந்தே பார்ப்பது. டேஷ்போர்டு ஜொலிக்கிறது. ஒரு ரிக்வெஸ்ட் போகும் இடமெல்லாம் கூடவே போக வேண்டிய ட்ரேஸ் ஐடி மட்டும் இரண்டாவது மைக்ரோசர்வீஸைத் (சிஸ்டத்தின் தனித்தனிக் குட்டிப் பகுதி) தாண்டாது. ஆனால் கஸ்டமர் பாஸ்வேர்டு? அது மட்டும் ஒரு எழுத்து விடாமல் லாக்கில் இருக்கும்!

காலையில் மீட்டிங்கில் கேட்பார்கள் பாருங்கள், "லாக்குல என்ன இருந்துச்சு?" என்று. மண்ணாங்கட்டி இருந்தது.