ஹாஸ்பிஸை மறுப்பதற்குப் பக்தி மட்டுமா காரணம்?
அமெரிக்காவில் கறுப்பின முதியவர்கள் ஹாஸ்பிஸை, அதாவது நோயைக் குணப்படுத்தப் பார்க்காமல் கடைசிக் காலத்தில் வலியைத் தணித்துப் பார்த்துக்கொள்ளும் சேவையை, மறுப்பதற்குக் கடவுள் நம்பிக்கையே முக்கியக் காரணம் என்று இங்கே வந்திருக்கும் கட்டுரை சொல்வது பாதிதான் சரி. முதியவர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேர், ஹாஸ்பிஸுக்கு வைத்திருக்கும் விதியைப் பாருங்கள். நோய் போகிற போக்கில் போனால் ஆறு மாதத்துக்கு மேல் தாங்காது என்று டாக்டர்கள் சான்று தர வேண்டும். அந்த நோயைக் குணப்படுத்தும் சிகிச்சையைக் கைவிடுவதாக நோயாளி கையெழுத்துப் போட வேண்டும். 1932 முதல் 1972 வரை அலபாமாவின் டஸ்கீகியில், சிஃபிலிஸ் என்ற பால்வினை நோய் வந்த கறுப்பின ஆண்களுக்கு, அதைக் குணப்படுத்தும் பென்சிலின் வந்த பிறகும் கொடுக்காமல் வேடிக்கை பார்த்தது அரசின் சுகாதாரத் துறையேதான். அதைக் கேட்டு வளர்ந்தவர்களிடம் இப்படியொரு தாளை நீட்டினால் என்ன நினைப்பார்கள்? அட்லாண்டாவில் எங்கள் பக்கத்து வீட்டுப் பாட்டி டயாலிசிஸில் இருந்தார். ஹாஸ்பிஸில் சேர்ந்தால் அதை நிறுத்த வேண்டியிருக்கும் என்றார்கள், மாட்டேன் என்றுவிட்டார். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர்தான், ஆனாலும் அவர் கேட்ட ஒரே கேள்வி, 'மிஷினை நிறுத்தினால் எத்தனை நாள் இருப்பேன்?' அப்புறம், 'கறுப்பின முதியவர்களைக் குடும்பமே பார்த்துக்கொள்ளும், ஹாஸ்பிஸ் எதற்கு' என்று அந்தக் கட்டுரைக்கு ஒரு வாசகர் கருத்து எழுதியிருக்கிறார். வீட்டு ஹாஸ்பிஸிலும் நர்ஸ் அவ்வப்போது வந்து போவார், அவ்வளவுதான். ராத்திரி பகலாகப் பார்ப்பது வீட்டில் இருப்பவர்களே. அந்தப் பாட்டியின் மகள் ஷிப்டு வேலைக்குப் போகிறவர், லீவு போட்டால் அன்றைய சம்பளம் போச்சு.