முதலில் படம், கடைசியில் விலை

சொகுசுக் கப்பலில் போய்வந்து பதிவு போடுகிறவர்கள் ஒரு வரி மட்டும் தவறாமல் எழுதுகிறார்கள்: “போட்டோ விலைதான் பகல் கொள்ளை.” எனக்கு விலைமேல் அவ்வளவு கோபம் இல்லை. பெரிய கப்பல்களில் 8×10 அங்குலப் பிரிண்ட் ஒன்று 20, 25 அமெரிக்க டாலர் வரை போகிறது. அதிகம்தான். ஆனால் நடுக்கடலில் எது மலிவு? காக்டெயில் மலிவா, வைஃபை மலிவா? எனக்கு உறுத்துவது விலை அல்ல, அதைச் சொல்லும் நேரம்.

மாமல்லபுரத்தில் கழுத்தில் கேமரா தொங்க ஓடிவரும் அண்ணன் முதலில் விலையைத்தான் சொல்வார். “ஒரு காப்பி இவ்ளோ சார், அஞ்சே நிமிஷம்.” பேரம் பேசலாம், வேண்டாம் என்று நடையைக் கட்டலாம். கப்பலில் அப்படியே தலைகீழ். கப்பல் போட்டோகிராபர்கள் முதலில் எடுத்துவிடுவார்கள். அன்றைக்கோ மறுநாளோ படங்களை வைத்து விற்கும் கேலரியில் போய் நின்றால்தான் என்ன விலை என்றே தெரியும். அதற்குள் படத்தில் சிரித்துக்கொண்டு நிற்பது நம் குழந்தை, நம் அம்மா. அங்கே என்ன பேரம் பேசுவது?

ஆரம்பம் கப்பலில் ஏறும்போதே. பாஸ்போர்ட் சோதனை எல்லாம் முடிந்து கப்பலுக்குப் போகும் வழியில் படம் எடுக்கப் பின்னணி ஸ்கிரீன் ஒன்று கட்டியிருப்பார்கள். பக்கத்தில் கப்பல் பெயர் எழுதிய உயிர்காப்பு வளையம். வரிசையே அதன் வழியாகத்தான் நகரும், அதனால் இதுவும் ஒரு சோதனைதான் என்று நினைத்து நிற்கிறவர்கள் ஏராளம். சிங்கப்பூர் மெரினா பே முனையத்தில் என் அப்பா கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, காது இரண்டும் தெரிகிற மாதிரி நிமிர்ந்து நின்றார். எடுத்து முடித்ததும் என்னிடம் கேட்டார்: “இது விசாவுக்குத்தானே?”

அப்புறம் ஒவ்வொரு துறைமுகத்திலும் இறங்குமிடத்தில் ஒரு கேமரா நிற்கும். கரீபியன் பக்கம் போகும் கப்பல்கள் என்றால் கடற்கொள்ளையன் வேஷத்தில் ஒருவர் கத்தியோடு வந்து தோளில் கை போடுவார். சில சமயம் டால்ஃபின் பொம்மை உடைக்குள் ஒருவர் வெயிலில் வெந்துகொண்டிருப்பார். இரவுச் சாப்பாட்டு மேஜைக்கும் வருவார்கள், சரியாக நாம் வாயைத் திறந்திருக்கும் நேரத்தில்.

இந்த வியாபாரத்தின் உண்மையான சரக்கு ஃபார்மல் நைட்தான். எல்லாரும் கோட்டும் பட்டுப்புடவையுமாக வரும் இரவு. மாடிப்படி வரைந்த ஸ்கிரீன், சூரியன் மறையும் ஸ்கிரீன், வெறும் கறுப்பு ஸ்கிரீன் என்று வரிசையாகக் கட்டி, குடை விளக்கெல்லாம் போட்டு முழு ஸ்டூடியோவே நடக்கும். என் அம்மா அப்பாவை நிறுத்திய போட்டோகிராபர் பிலிப்பைன்ஸ்காரர். அப்பா வழக்கம்போல ஒரு சாண் தள்ளி நின்றார். அந்தப் பையன் வந்து, அப்பாவின் கையை எடுத்து அம்மாவின் தோளில் வைத்துவிட்டுப் போனான். அம்மா வெட்கப்பட்டுச் சிரித்த அந்த நொடியில் கிளிக். கல்யாண ஆல்பத்திலேயே அவர்கள் இருவரும் அப்படி ஒரு படத்தில் இல்லை. வாங்கினேன். விலையைக் கேட்டுவிட்டுத்தான் வாங்கினேன், கேட்காமலும் வாங்கியிருப்பேன். இதற்காகவே இவர்களை ஏமாற்றுக்காரர்கள் என்று என்னால் சொல்ல முடியாது. வேலை தெரிந்தவர்கள்.

முன்பெல்லாம் எடுத்த படம் அத்தனையையும் பிரிண்ட் போட்டு, தளம் முழுக்க நீளும் பலகைகளில் மாட்டிவிடுவார்கள். ஆயிரக்கணக்கான முகங்களுக்கு நடுவே நம் முகத்தைத் தேட வேண்டும். (அடுத்தவர் படத்தைப் பார்த்து “இந்த அம்மா நேத்து எப்படி இருந்தாங்க!” என்று பேசுவது தனிப் பொழுதுபோக்கு.) விற்காதவை பயணம் முடிந்ததும் குப்பைக்கு. யாரும் கேட்காத படத்துக்கு அத்தனை காகிதம், அத்தனை மை. இப்போது பல கப்பல்களில் கணினித் திரைக்கு மாறிவிட்டார்கள். கேபின் அட்டையை (அறைச் சாவியும் அதுதான்) அதில் காட்டினால் நம் படங்கள் வரிசையாக வருகின்றன. சிலவற்றில் அட்டைகூட வேண்டாம், முகத்தை வைத்தே இயந்திரம் தேடிக் கொடுத்துவிடுகிறது. வசதிதான், மறுக்கவில்லை. ஆனால் ஏறும்போது எடுத்த முகம் இப்படியெல்லாம் பயன்படும் என்று எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்? டிக்கெட் விதிமுறைகளில் எங்கோ எழுதியிருப்பார்கள். அதைப் படித்துவிட்டுக் கப்பல் ஏறிய ஒரு சித்தப்பாவையோ அத்தையையோ எனக்குக் காட்டுங்கள்.

கேலரியில் அடுத்த பொறி, பேக்கேஜ். ஒரு படம் 20 டாலருக்கு மேல், எல்லாப் படமும் டிஜிட்டலாகச் சேர்த்து வாங்கினால் சில நூறு டாலர். நாலு படம் பிடித்துப்போனவர் “மொத்தமாவே வாங்கிடலாமே, லாபம்தானே” என்று கணக்குப் போடுவார். வேண்டாத முப்பது படமும் சேர்ந்து வரும். கையில் காசு கொடுத்தால் கொஞ்சம் யோசிப்போம். கப்பலில் அட்டையைக் காட்டினால் போதும், கேபின் கணக்கில் ஏறிவிடும். இறங்குகிற நாளில்தான் மொத்தத் தொகையும் கண்ணில் படும்.

இதெல்லாம் தற்செயல் இல்லை. 2023-இல் ராயல் கரீபியன் என்ற சொகுசுக் கப்பல் குழுமத்தின் மொத்த வருமானம் சுமார் 1,390 கோடி டாலர். அதில் டிக்கெட் விற்றுக் கிடைத்தது போக, கப்பலில் பயணிகள் செய்யும் செலவையும் பிற இனங்களையும் சேர்த்து வந்தது சுமார் 430 கோடி. கார்னிவல் குழுமத்திலும் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இப்படித்தான் வருகிறது. மதுக்கடை, சூதாட்டம், கரைச் சுற்றுலா என்ற பெரிய தலைகளுக்கு முன்னால் போட்டோ சின்னப் பங்குதான். ஆனால் டிக்கெட் மலிவாக இருப்பது ஏன் என்பதற்கான பதில் இந்தக் கணக்கில்தான் இருக்கிறது.

போட்டோகிராபர்கள்மீது யாரும் எரிந்து விழாதீர்கள். பல மாத ஒப்பந்தம். பகலில் துறைமுகத்தில், இரவில் ஸ்டூடியோவில், மிச்ச நேரத்தில் கேலரி கவுண்டரில். படம் எடுப்பவரே விற்கவும் வேண்டும். “நோ, தேங்க்ஸ்” என்று கையைக் காட்டினால் சிரித்துக்கொண்டே அடுத்தவரைக் கூப்பிடுவார்கள், கட்டாயப்படுத்தி நான் பார்த்ததில்லை. நம் ஆட்களுக்குத்தான் கேமராவைப் பார்த்து வேண்டாம் என்று சொல்ல வாய் வருவதில்லை.

நான் கேட்பது பெரிய புரட்சி ஒன்றும் இல்லை. அந்த ஸ்கிரீன் பக்கத்திலேயே ஒரு பலகை: “படம் எடுத்துக்கொள்வது உங்கள் விருப்பம். பிரிண்ட் விலை இவ்வளவு.” இரண்டு வரி. அதை வைத்தால் வியாபாரம் படுத்துவிடும் என்றால், இத்தனை நாள் எதை நம்பி நடந்தது என்று அவர்களே சொல்லட்டும்.

“போன்லயே எடுத்துக்கலாமே” என்று கமென்டில் வரப்போகிறவர்களுக்கு: எடுங்கள், தாராளமாக. கேலரித் திரையில் தெரியும் படத்தையே போனில் சுட்டுக்கொண்டு வருபவர்களையும் பார்த்தேன். விளக்கு வெளிச்சம் பட்டு எல்லார் நெற்றியிலும் வெள்ளைப் பட்டையடித்த மாதிரி இருந்தது. குடும்பத்தோடு போகிறவர்கள் ஃபார்மல் நைட் அன்று நிதானமாக நின்று, பிடித்திருந்தால் ஒரே ஒரு படம் வாங்குங்கள். ஏறும்போது எடுக்கிற படத்தை மட்டும் வாங்காதீர்கள். விமானத்தில் வந்த அலுப்பு, தோளில் பை, பல்லிடுக்கில் பாஸ்போர்ட்; எந்தக் குடும்பமும் அதில் நன்றாக விழுந்து நான் பார்த்ததில்லை.