பந்தியிலிருந்து எழுந்துபோன பேதுரு

கம்மல் போட்ட பெண்ணுக்குத் திருவிருந்து (ஆராதனையில் பகிரும் அப்பமும் ரசமும்) கொடுக்கலாமா, கூடாதா? குன்னூர்ப் பக்கம் ஒரு சபையில் போன மாசம் இதுதான் பெரிய பஞ்சாயத்து. (எந்தச் சபை என்று கமெண்டில் கேட்காதீர்கள்.) பேசினவர்கள் எல்லார் கையிலும் வேதாகமம் இருந்தது. அதில் பவுல் கலாத்தியா சபைகளுக்கு எழுதின நிருபத்தை, அதாவது கடிதத்தை, மட்டும் யாரும் திறக்கவில்லை.

பவுல் அந்த நிருபத்தை எழுதியதே இப்படி ஒரு சண்டைக்காகத்தான். யூத முறைப்படி விருத்தசேதனம் (ஆண்களுக்கு நுனித்தோல் நீக்கும் சடங்கு) பண்ணினால்தான் முழு விசுவாசி என்று சிலர் உள்ளே வந்து குழப்பினார்கள். திரும்பவும் அடிமை நுகத்துக்குக் கழுத்தைக் கொடுக்காதீர்கள் என்கிறார் பவுல். அதோடு நிறுத்தியிருந்தால் "என் இஷ்டம், யாரும் கேட்காதே" என்கிறவர்களுக்கு ரொம்ப வசதி. ஆனால் 5:13-ல், "அன்பினாலே ஒருவருக்கொருவர் ஊழியஞ்செய்யுங்கள்" என்று பிடித்துவிடுகிறார்.

என்னைக் கேட்டால், அந்த நிருபத்தின் உயிர் இரண்டாம் அதிகாரத்தில் இருக்கிறது. அந்தியோகியா ஊரில் புறஜாதியாரோடு, அதாவது யூதரல்லாதவர்களோடு, உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் இயேசுவின் சீடர் பேதுரு. எருசலேம் சபைத் தலைவர் யாக்கோபிடமிருந்து யூத ஆட்கள் வந்ததும், பயந்து விலகிக்கொள்கிறார். பவுலின் உடன் ஊழியர் பர்னபாவும் அவரோடு போகிறார். பவுல் எல்லார் முன்னாலும் பேதுருவைக் கேட்கிறார். பேதுருவையே! நம் சபையில் ஒரு மூப்பரை (சபையை நடத்தும் பெரியவரை) அப்படிக் கேட்டுவிட முடியுமா? கம்மலுக்கு மூன்று மணி நேரம் பேசுகிறோம். யார் வீட்டில் யார் கை நனைப்பதில்லை என்பதைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. சாதிக்கொரு கல்லறைத் தோட்டம் வைத்திருக்கும் கிறிஸ்தவ ஊர்கள் தமிழ்நாட்டில் இன்னும் இருக்கின்றன. விடுதலை வேண்டியது அங்கே.

அடுத்து, போதகரை மனதில் வைத்து "மேய்ப்பனுக்குக் கீழ்ப்படியுங்கள்" என்ற பேச்சு. ஆடு மேய்ப்பது எப்படி என்று தெரிய ஊட்டிப் பக்கம் சாண்டிநல்லாவுக்குப் போய் அந்த ஆட்டுப் பண்ணையில் கேட்டாலே போதும். ஈரத்தில் நிற்கிற ஆட்டுக்குக் குளம்பு அழுகும். ஒவ்வொன்றாகக் காலைத் தூக்கிப் பார்க்கணும், நாற்றம் பிடிக்கணும், மருந்து போடணும். மேடையில் மைக் பிடித்துச் செய்கிற வேலை இல்லை அது. யோவான் 10-ல் ஓநாய் வந்ததும் ஓடுகிறவன் கூலியாள். நல்ல மேய்ப்பன் ஜீவனையே கொடுக்கிறான். மந்தையை இறுமாப்பாய் ஆளாதீர்கள் என்று பிற்பாடு மூப்பர்களுக்குச் சொல்கிற நிருபம் யார் பேரில் இருக்கிறது? பந்தியிலிருந்து எழுந்துபோன அதே பேதுரு பேரில். எனக்கு அது ரொம்பப் பிடிக்கும்.

எங்கள் எஸ்டேட்டில் கொழுந்து லாரி ஓட்டுகிற பிரதர் ஒருவர். ஜனவரிப் பனியில், குரங்குக் குல்லா போட்டுக்கொண்டு, கடைசி லயனில் (தொழிலாளர் வீட்டு வரிசையில்) தனியாக இருக்கிற பாட்டிக்குக் குடத்தில் தண்ணீர் கொண்டுபோய் வைப்பார். மலையகத் தமிழரைத் திரும்ப அழைக்க இந்தியாவும் இலங்கையும் போட்ட 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு சிலோனிலிருந்து வந்த குடும்பம். பாட்டிக்கு மாரியம்மன்தான் எல்லாம். சபைக்கு வந்ததே இல்லை. வரச்சொல்லி அவரும் கேட்டதில்லை. "காலு எப்படி இருக்கு ஆத்தா" என்று கேட்டு, வீக்கத்தை விரலால் அமுக்கிப் பார்த்துவிட்டு வண்டிக்கு ஓடுவார்.

அடுத்த மூப்பர் தேர்தலில் உங்கள் பேரைச் சொல்லட்டுமா பிரதர் என்று கேட்டேன்.

"அய்யோ, ஆளை விடுங்க" என்றார்.